காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்: மெனோர்காவின் குதிரைப் பாதையில் நடக்கும் முறை

ஸ்பெயினுக்கு உரிய பலேயாரிக் தீவுகளில் கிழக்குக் கோடியில் இருப்பது மெனோர்கா. அதன் கரையோரமாகத் தீவை முழுவதும் சுற்றி வரும் பழைய வழிக்கு, அங்குள்ளவர்கள் பேசும் கத்தலான் மொழியில் 'காமி தெ கவால்ஸ்', அதாவது குதிரைப் பாதை, என்று பெயர். கரைக் காவலுக்காகக் குதிரைவீரர்கள் ரோந்து போன இவ்வழியின் பல பகுதிகள் பிற்காலத்தில் தனியார் நிலங்களின் வேலிகளுக்குள் அடைபட்டன. மக்கள் வழியுரிமை கேட்டுப் போராடிய பின், 2000இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. 2010இல் பாதை முழுவதும் மீண்டும் திறக்கப்பட்டது. 185 கிலோமீட்டர் நீளமுள்ள இதனை 20 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள்.

மூன்று நான்கு நாள்களே கையில் உள்ளவர் முழுச் சுற்றுக்கு ஆசைப்பட வேண்டாம். காலையில் வரைபடத்தை விரிக்கும் முன், காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று பாருங்கள். 'த்ராமுந்தானா' எனப்படும் வடகாற்றை நம் ஊர் வாடையைப் போல எண்ணிவிடக் கூடாது. வடகரை மரங்களைத் தெற்கு நோக்கிச் சாய்ந்தே வளரச் செய்யும் அளவுக்கு அது வலியது. அது வீசும் நாளில் வடக்குக் குடாக்களில் அலை எழும், சில வேளை ஜெல்லி மீன்களும் ஒதுங்கும். அதே நேரத்தில் தெற்குக் குடாக்கள் குளத்து நீரைப் போல அசையாமல் கிடக்கும். தென்காற்று வீசினால் நிலைமை தலைகீழாகும். தீவின் அகலம் சுமார் 20 கிலோமீட்டரைத் தாண்டாது என்பதால், ஒரு கரை சரியில்லை என்றால் மறு கரைக்கு மாறிக்கொள்ளலாம்.

இரு கரைகளின் நிலமும் வேறு வேறு. கிழக்குக் கரையில் உள்ள மவோ துறைமுகத்திலிருந்து வடமேற்கே காலா மொரெல் வரை ஒரு கோடு இழுத்தால், அதற்குத் தெற்கே வெளிர்நிறச் சுண்ணாம்புக் கல். வடக்கே, சில இடங்களில் 40 கோடி ஆண்டுக்கும் பழமையான கரும்பாறையும் செம்மணற்கல்லும். தெற்கில் சுண்ணாம்புக் கல்லை அறுத்துக்கொண்டு இறங்கும் ஓடைப் பள்ளத்தாக்குகள் கடலைச் சேரும் வாயில்தான் 'காலா' எனப்படும் சிறுகுடாக்களில் பல அமைந்திருக்கின்றன. அவற்றின் மணல் வெண்மையாக இருப்பதாலேயே நீர் அப்படி ஒரு பச்சை கலந்த நீலமாகத் தெரிகிறது.

முதல் நாளுக்கு நான் சொல்வது தென்கரையில் உள்ள 13ஆம் கட்டம். காலா கல்தானாவுக்கும் காலா துர்கேத்தாவுக்கும் இடைப்பட்ட அதன் நீளம் 6.4 கிலோமீட்டர்தான். கல்தானாவின் மேற்குப் பக்கத்தில் ஏறி, பைன் மரங்களின் நிழலில் சுமார் 40 நிமிடம் நடந்தால் காலா மக்கரெல்யா வந்துவிடும். நடக்கும்போது கடல் பெரும்பாலும் கண்ணில் படாது. பைன் பிசின் வாசனையும் காலடியில் நொறுங்கும் ஊசியிலைச் சருகும்தான் துணை. மரங்கள் விலகும் இடத்தில் குடா திடீரென்று கீழே விரியும். அங்கிருந்து பாறை விளிம்பை ஒட்டிய கிளைவழியில் கால் மணி நேரம் நடந்தால் மக்கரெல்யேத்தா; அளவில் சிறியது, அழகில் தன் அக்காளை மிஞ்சியது. கோடையில் காலை ஒன்பது மணிக்கு முன் போய்விடுங்கள், அதற்குப் பின் மணலில் துண்டு விரிக்க இடம் கிடைப்பது கடினம். ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரையும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நடைக்கு மிக ஏற்றவை; இலையுதிர் காலத்தில் கடல்நீர் கோடையின் வெதுவெதுப்பை இன்னும் இழக்காமல் இருக்கும்.

வடக்கில் பினிமெல்லாவிலிருந்து தொடங்கி, சுமார் அரை மணி நேரத்தில் காலா ப்ரெகோண்டாவை அடையலாம். செம்பொன் நிற மணலும், குடாவின் வாயை மறித்து நிற்கும் பாறைத் திட்டுகளும் சேர்ந்து அதை வேறொரு தீவைப் போலத் தோன்றச் செய்கின்றன. அதைத் தாண்டி எல்ஸ் அலோக்ஸ் வரை செல்லும் வழி நிழலே இல்லாத ஏற்ற இறக்கம். மலைநடை பழகியவர்கள் மட்டும் போங்கள். வழியில் குடிநீர் கிடைக்காது. வெயில் காலத்தில் ஆளுக்கு மூன்று லிட்டராவது சுமக்க வேண்டும், செருப்பில் நடக்கவே கூடாது.

பாதையைத் தவறவிடுவது அரிது. மரக் கம்பங்களும் சிவப்பு வெள்ளைக் கோடுகளும் வழிகாட்டும். குறுக்கே வரும் கதவுகள்தான் கவனத்துக்கு உரியவை. காட்டு ஒலிவ மரத்தின் வளைந்த கிளைகளை அப்படியே இணைத்துச் செய்த அவை ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதில்லை. கை பட்டுப் பட்டுத் தாழ்க்கட்டை வழவழப்பாகியிருக்கும். அப்பால் மாடுகள் மேயும் என்பதால், கடந்ததும் மீண்டும் தாழிடுங்கள்.

சில கரைகளில் பழுப்பு நிறச் சருகு முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். குப்பை என்று முகம் சுளிக்காதீர்கள். அது பொசிடோனியா என்னும் கடற்புல்லின் உதிர்ந்த இலை. குளிர்காலப் புயலில் அலை மணலை வாரிக்கொண்டு போகாமல் தடுப்பது அந்தக் குவியலே. நீர் இவ்வளவு தெளிந்திருக்கவும் கடலடியில் உள்ள அந்தப் புல்வெளி ஒரு காரணம். அதன் நாரை அலை உருட்டி உருட்டிச் செய்த, தேங்காய் நார்ப் பந்து போன்ற சிறு உருண்டைகளும் இடையில் கிடக்கும். கையில் எடுத்துப் பாருங்கள், எடையே இருக்காது. பார்த்த பின் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.