மின்னணுப் பொழுதுபோக்குக்கு டிஜிட்டல் மல்டிமீட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

பிரெட்போர்டில் (பாகங்களைச் செருகியே இணைக்கும் பலகையில்) சுற்றுகளை அமைத்துப் பழகுபவருக்கும், பழைய ரேடியோவைத் திறந்து பழுது தேடுபவருக்கும், மைக்ரோகண்ட்ரோலரைக் கொண்டு சிறு கருவிகள் செய்பவருக்கும் மல்டிமீட்டரால் ஆக வேண்டிய வேலைகள் பெரும்பாலும் நான்குதான். 3.3, 5, 12 வோல்ட் போன்ற டிசி மின்னழுத்தத்தை அளப்பது, மின்தடையை அளப்பது, இணைப்பு எங்கேனும் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பது, சுற்று எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று அறிவது. டயலைச் சுற்றி எத்தனை வசதிகள் அச்சிடப்பட்டிருந்தாலும், இந்த நான்கையும் மீட்டர் எப்படிச் செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விவரக்குறிப்பில் முதலில் கண்ணில் படுவது கவுண்ட் எண்ணிக்கை, அதாவது திரை எத்தனை படிகள் வரை காட்டும் என்பது. 2000 கவுண்ட் மீட்டரின் திரை 1999 வரையே காட்டும் என்பதால், 3.3 வோல்ட்டை அளக்க அதை 20 வோல்ட் ரேஞ்சில் வைக்க வேண்டியிருக்கும். அங்கே 10 மில்லிவோல்ட்டுக்குக் குறைந்த மாற்றம் எதுவும் தெரியாது. 6000 கவுண்ட் மீட்டர் அதையே 3.300 என்று 1 மில்லிவோல்ட் வரை காட்டும். ஆனால் கூடுதல் இலக்கம் தெரிவதும் அளவு துல்லியமாக இருப்பதும் ஒன்றல்ல. துல்லியம் ±(0.5% + 2 இலக்கம்) என்று குறிக்கப்பட்ட 2000 கவுண்ட் மீட்டர் 5.00 வோல்ட் காட்டினால், 0.5 சதவீதத்துக்கு 25 மில்லிவோல்ட்டும் கடைசி இலக்கத்தின் இரண்டு படிகளுக்கு 20 மில்லிவோல்ட்டும் சேர்ந்து, உண்மையான அளவு 45 மில்லிவோல்ட் கூடவோ குறையவோ இருக்கலாம். பொழுதுபோக்கு வேலைக்கு 4000 அல்லது 6000 கவுண்ட், டிசியில் 0.5 சதவீதம் என்பது போதுமானது. அதற்கு மேல் செலவிடும் பணத்தைப் பின்வரும் விஷயங்களுக்கு ஒதுக்குவதே நல்லது என்பது என் கருத்து.

உள்ளீட்டு மின்தடையை, அதாவது மின்னழுத்தத்தை அளக்கும்போது சுற்றுடன் இணையும் மீட்டரின் சொந்த மின்தடையை, பலர் கவனிப்பதில்லை. நல்ல மீட்டர்களில் இது வழக்கமாக 10 மெகா ஓம். மிக மலிவானவற்றில் 1 மெகா ஓம் மட்டுமே இருப்பதுண்டு. 9 வோல்ட் பேட்டரிக்குக் குறுக்கே இரண்டு 1 மெகா ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்தால் நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். அங்கே 10 மெகா ஓம் மீட்டர் ஏறத்தாழ 4.29 வோல்ட் காட்டும்; 1 மெகா ஓம் மீட்டரோ 3 வோல்ட்தான் காட்டும். மீட்டர் பழுதாகவில்லை, அது இணைந்ததும் சுற்றே மாறிவிட்டது. இதை அறியாத புதியவர், சரியாக வேலை செய்யும் சுற்றில் இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருப்பார்.

மின்னோட்ட அளவீட்டில்தான் மீட்டருக்கு மீட்டர் வேறுபாடு அதிகம். மீட்டர் தனக்குள் இருக்கும் ஒரு சிறிய மின்தடையில் விழும் மின்னழுத்தத்தை அளந்தே மின்னோட்டத்தைக் கணக்கிடுகிறது. மில்லி ஆம்பியர் ரேஞ்சில் அந்த மின்தடை 1 ஓம் என்றால், வைஃபை சிப் ஒன்று 300 மில்லி ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 0.3 வோல்ட் மீட்டரிலேயே விழுந்து, 3.3 வோல்ட் சுற்றுக்கு 3.0 வோல்ட்தான் போய்ச் சேரும். ஃபியூஸும் வயர்களும் இன்னும் கொஞ்சம் குறைக்கும். சிப் காரணமின்றி ரீசெட் ஆவதுபோல் தோன்றினால், முதலில் மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். பேட்டரியில் இயங்கும் கருவிகளைச் செய்பவருக்கு மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சு கட்டாயம் தேவை. 60 மில்லி ஆம்பியர்தான் மிகச் சிறிய ரேஞ்சு என்றால், 6000 கவுண்ட் மீட்டரிலும் ஒரு படி 10 மைக்ரோ ஆம்பியர் ஆகிவிடும், உறக்க நிலையில் சிப் எடுக்கும் மின்னோட்டம் அதில் தெரியவே தெரியாது.

ஃபியூஸ் விஷயத்தில் சமரசம் கூடாது. மலிவான மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு ஃபியூஸே கிடையாது. சாக்கெட்டின் அருகே அது எழுதப்பட்டும் இருக்கும். புரோப் (அளக்கும் முனையுள்ள வயர்) அந்தச் சாக்கெட்டிலேயே இருக்க, மறந்து மின்னழுத்தத்தை அளக்கப் போனால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். லித்தியம் பேட்டரியோ வீட்டு மின்சாரமோ அந்தப் பக்கம் இருந்தால் விளைவு மிக மோசமாக இருக்கும். இரண்டு மின்னோட்டச் சாக்கெட்டுகளுக்கும் மணல் நிரப்பிய செராமிக் ஃபியூஸ் உள்ள மீட்டரையே தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணாடி ஃபியூஸ் பெரிய மின்னோட்டத்தில் வெடிக்கக்கூடும். மாற்று ஃபியூஸ் எளிதில் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பவர் சப்ளைகளைத் திறக்கும் பழக்கமுள்ளவர் ஐஇசி 61010 என்ற பாதுகாப்புத் தரநிலையின் கேட் வகையைப் பார்க்க வேண்டும்; எந்த இடத்து மின்சாரத்தில் மீட்டரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம் என்பதை அது சொல்லும். சுவர் சாக்கெட்டில் செருகும் கருவிகளுக்கு கேட் 2, மின்பகிர்வுப் பலகை போன்ற நிலையான வயரிங்குக்கு கேட் 3. 230 வோல்ட் ஏசியை நேராக்கும் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும் என்பதால், கேட் 3 – 600 வோல்ட் என்பது நியாயமான தேர்வு. புரோப்களுக்கும் அதே மதிப்பீடு இருக்க வேண்டும்.

இணைப்பு அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் கன்டினியூட்டி சோதனையில் வேகமே முக்கியம். புரோப்களைத் தொட வைத்த கணத்திலேயே பஸ்ஸர் ஒலிக்க வேண்டும். ஐசியின் கால்கள்மீது புரோப்பை இழுத்துக்கொண்டே போகும்போது, அரை நொடி தாமதிக்கும் மீட்டர் ஷார்ட்டைத் தவறவிட்டுவிடும். டையோடு சோதனை 3 வோல்ட்டுக்கு மேல் தந்தால் நீல, வெள்ளை எல்இடிகளையும் அதிலேயே எரியவிட்டுப் பார்க்கலாம். கெப்பாசிட்டர் அளவீடு பயனுள்ளது. ஆனால் வீங்கிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உள்மின்தடையை அது காட்டாது. சைன் அல்லாத ஏசி அலைகளையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் வசதி இருந்தால் நல்லது. அது இல்லாத மீட்டர் சைன் அலையைச் சரியாகவும் சதுர அலையை ஏறத்தாழ 11 சதவீதம் கூட்டியும் காட்டும்; பெரும்பாலும் டிசியையே அளப்பவருக்கு இது அவசரமில்லை. டிரான்சிஸ்டரைச் செருகிச் சோதிக்கும் சாக்கெட் இருப்பதை, மீட்டரை வாங்க ஒரு காரணமாகவே கொள்ள வேண்டாம்.

ஒரே உயர்விலை மீட்டருக்குப் பதிலாக, இந்தத் தகுதிகள் உள்ள இரண்டு நடுத்தர மீட்டர்களை வாங்கவே நான் பரிந்துரைப்பேன். ஒன்றில் மின்னழுத்தத்தையும் மற்றொன்றில் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் சுற்றின் திறன் சரியாகத் தெரியும். மேலும், ஒன்றை மில்லி ஆம்பியர் ரேஞ்சில் வைத்து, மற்றொன்றின் ஓம் ரேஞ்சால் அதை அளந்தால், உள்ளே உள்ள மின்தடை எவ்வளவு, ஃபியூஸ் முழுதாக இருக்கிறதா என்ற இரண்டும் மூடியைத் திறக்காமலே தெரிந்துவிடும்.