கோடை விடுமுறையில் சாடித் தோட்டம்: திருகோணமலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓகஸ்ட் விடுமுறை வந்தால் திருகோணமலையில் பலர் இரண்டு வேலைகளைச் சேர்த்தே தொடங்குகிறார்கள். பகலில் வெளியே இறங்க முடியாத வெயில் என்பதால் நூலகத்தில் நாலைந்து புத்தகம் எடுத்து வந்து விறாந்தையில் இருந்து படிப்பார்கள். அதில் ஒன்று வீட்டுத்தோட்டம் பற்றியதாக இருக்கும். அடுத்த கிழமையே முற்றத்தில் பழைய பெயின்ற் வாளிகளும் சாடிகளும் வரிசையாக வந்துவிடும். செப்டெம்பரில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் காய்ந்த குச்சிதான் நிற்கும்.

நல்ல ஆசையோடு தொடங்குகிறவர்கள் இப்படிக் கைவிடுவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை. வாளிக்கு அடியில் ஓட்டை போடாதது, தண்ணீர் ஊற்ற மறப்பது போன்றவற்றை நான் எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் யாருக்கும் விளங்கிவிடும். செடி செத்த பிறகும் காரணம் பிடிபடாமல், அடுத்த வருடமும் அதையே செய்ய வைக்கிற தவறுகள் வேறு.

வேறு ஊர்ப் பட்டத்தில் விதைப்பது

நமக்குக் கிடைக்கும் தமிழ்த் தோட்டப் புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்து வருபவை. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று அவை சொல்வது அந்த மண்ணுக்குச் சரி. நமக்கு ஆடி என்றால் கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. இரண்டு இலை விட்ட நாற்றை அந்தக் காற்றில் வைத்தால் ஒரே நாளில் கருக்கிவிடும். நம் மழையில் பெரும்பகுதி ஒக்டோபரில் இருந்து ஜனவரிக்குள் பெய்வது. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் பெரும்போகத்துக்கு நாள் பார்ப்பது இந்த மழையை நம்பித்தான். சிறுபோகத்துக்கு அவர்களிடம் குளத்துத் தண்ணீர் இருக்கிறது. முற்றத்து வாளிக்கு அது இல்லை.

ஆங்கிலப் புத்தகம் படிக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். தக்காளிக்கு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் முழு வெயில் வேண்டும் என்று அதில் இருக்கும். குளிர்நாட்டில் சாய்வாக விழுகிற வெயிலுக்கு எழுதிய கணக்கு அது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கும். காலை வெயில் பத்தரை மணி வரைக்கும் கிடைத்தால் அந்த மாதங்களுக்குப் போதும். பிறகு கிடுகோ நிழல்வலையோ மேலே இருக்க வேண்டும்.

சரி, ஓகஸ்டில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா என்றால், இல்லை. பொன்னாங்காணி, கங்குன், கற்பூரவள்ளி ஆகியவற்றை அரை நிழலில் தண்டு ஊன்றியே வளர்க்கலாம். மிளகாயும் கத்தரியும் ஓகஸ்ட் கடைசியில் நாற்று மேடையில் நிழலோடு விதைத்தால், மாரி தொடங்கும் நேரத்துக்குக் கன்று நடுகிற பருவத்தில் இருக்கும். கூட்டெரு போடவும் இதுவே நல்ல காலம்.

கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். இத்தனை வருடமாகியும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. காசும் உழைப்பும் இதில்தான் அதிகம் வீணாகின்றன. செய்கிறவர்களோ தாங்கள் கவனமாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

அலஸ்தோட்டத்தில் தெரிந்த பிள்ளை ஒருத்தி. உயர்தரப் பரீட்சை முடிந்த ஓய்வில் தோட்டப் புத்தகம் ஒன்றை வரி விடாமல் படித்து, போஞ்சியும் மிளகாயும் வாளிகளில் வைத்தாள். மேல் மண் காய்ந்தால் ஒரு குவளை, காயாவிட்டால் இல்லை என்று கணக்காகத் தண்ணீர் ஊற்றினாள். சில கிழமைகளில் இலை விளிம்பு பழுப்பாகிக் கருகத் தொடங்கியது. ஒரு விவசாயக் கடையில் இலையைக் காட்டியபோது சத்துக் குறைவு என்று சொல்லி ஒரு பசளையைக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டதும் செடிகள் இன்னும் வேகமாக விழுந்தன. என்னைக் கூப்பிட்டாள்.

“மாமி, புத்தகத்தில இருக்கிற மாதிரித்தானே எல்லாம் செய்தன். மண்ணும் ஈரமாத்தான் இருக்கு. ஏன் வாடுது?”

வாளியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு படை ஒட்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். நல்ல சவர்.

கடலோரக் கிணறுகளில் கோடை முற்ற முற்ற நல்ல தண்ணீர் மட்டம் இறங்கி உவர் கூடும். நிலாவெளியிலும் சாம்பல்தீவிலும் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்த விசயம். ஆனால் குடிக்கவும் தேயிலைக்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று தவிர்க்கிறவர்கள், செடிக்கு அதையே யோசிக்காமல் ஊற்றுகிறார்கள். நிலத்தில் நிற்கும் மரத்துக்கு உப்பு சேர்ந்தாலும் மாரி மழை கழுவி ஆழத்துக்கு இறக்கிவிடும். வாளி அப்படியில்லை. தண்ணீர் ஆவியாகப் போகும், செடியும் கொஞ்சம் குடிக்கும், உப்பு முழுக்க வாளிக்குள்ளேயே நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லீற்றரில் 1 கிராம் உப்பு உள்ள தண்ணீர் என்று வைப்போம். வாயில் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான். நாளுக்கு 2 லீற்றர், அடியால் ஒரு சொட்டும் வடியாதபடி அளந்து ஊற்றினால், 30 நாளில் வாளிக்குள் 60 கிராம் உப்பு. ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி. அவ்வளவையும் ஒரே நாளில் யாராவது மண்ணில் கொட்டுவார்களா? ஆனால் மாதக் கடைசியில் நடந்திருப்பது அதேதான்.

வேரைச் சுற்றி உப்பு கூடினால், தண்ணீர் பக்கத்தில் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. அதனால்தான் மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுகிறது. எல்லாப் பயிருக்கும் தாங்குதிறன் ஒன்றல்ல. மண்ணின் உப்பை மின்கடத்துதிறனால் அளப்பார்கள். ஒரு மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸ் தாண்டினாலே போஞ்சியின் விளைச்சல் குறையத் தொடங்கும். வெங்காயத்துக்கு 1.2, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5. பீட்ரூட் 4 வரையும் கௌபி 4.9 வரையும் தாங்கும். அந்தப் பிள்ளை தெரிவு செய்தது பட்டியலில் மிகவும் பலவீனமான போஞ்சியை. புத்தகம் அதைத்தான் ‘தொடக்கக்காரருக்கு இலகுவான பயிர்’ என்று சொல்லியிருந்தது. மழைத்தண்ணீர் தாராளமாக உள்ள ஊரில் இருந்து எழுதியவருக்கு அது இலகுதான்.

பசளையும் உப்புத்தான். கருகிய இலையைப் பார்த்துப் பசளை போடுவது உப்புக்கு மேல் உப்புப் போடுவது. அடுப்புச் சாம்பலும் அப்படியே. நம் வீடுகளில் கருவாடு ஊறவைத்த தண்ணீரைச் செடிக்கு நல்லது என்று ஊற்றும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். மீன் கழுவிய தண்ணீர் வேறு, கருவாட்டுத் தண்ணீர் வேறு.

தும்புத்தூள் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். பொச்சுமட்டையிலேயே இயல்பாக உப்பு உண்டு. உவர்த் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டை என்றால் இன்னும் கூட. கட்டியை ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இப்படி இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவிய பிறகுதான் கலவையில் சேர்க்க வேண்டும். ஊறினதும் பொங்கி வருகிறதே என்று அப்படியே வாளியில் கொட்டுகிறவர்கள் முதல் நாளே உப்போடு தொடங்குகிறார்கள்.

என்ன செய்யலாம்? முதலில், ஊற்றும் முறையை மாற்றுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு குவளை என்பதை விட்டு, மண் காய்ந்ததும் ஒரேயடியாக, ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்காவது அடியால் வடியும் வரைக்கும் ஊற்றுங்கள். வடிகிற தண்ணீர்தான் உப்பை வெளியே கொண்டுபோகும். ‘தண்ணீர் வீணாகுதே’ என்று அம்மாக்கள் சொல்வார்கள். வடிவதைப் பிடித்து முற்றத்துத் தென்னைக்கு ஊற்றலாம், தென்னை தாங்கும்.

ஏற்கெனவே வெள்ளைப் படை கட்டிவிட்டது என்றால், மேல் மண்ணில் ஒரு விரற்கடை சுரண்டி எறிந்துவிட்டு, விடியற்காலையில் வாளியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். 20 லீற்றர் வாளிக்கு 40 லீற்றர். குழாய்த் தண்ணீர் நல்லது. கிணறு மட்டும்தான் என்றால் அதிலேயே செய்யுங்கள், வாளிக்குள் சேர்ந்திருக்கும் உப்பை விடக் கிணற்று உப்பு குறைவுதான். கழுவும்போது சத்தும் போகும் என்பதால், இரண்டு நாள் விட்டுக் கொஞ்சம் கூட்டெரு போடுங்கள். ஏசி உள்ள வீடென்றால் அதில் வடியும் தண்ணீரைப் பிடித்து வைக்கலாம். அதில் உப்பே இல்லை என்று சொல்லலாம்.

அந்தப் பிள்ளையின் மிளகாய்க் கன்றுகள் இரண்டு கழுவியதில் பிழைத்தன. போஞ்சி போனது போனதுதான்.

கடல் மணல்

வேண்டாம். கழுவினால் உப்புப் போகும், சிப்பித்தூளில் உள்ள சுண்ணாம்பு போகாது.

அடித்தட்டு

சாடிக்கு அடியில் தட்டு வைத்தால், அதில் வடிந்து நிற்கும் உப்புத் தண்ணீரைச் செடி திரும்ப உறிஞ்சும். அதைவிடப் பெரிய காரணம் டெங்கு. நுளம்பு முட்டையிட்டு ஒரு கிழமை பத்து நாளில் பறக்கும் நுளம்பு வந்துவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தட்டில் புழுவைக் கண்டால் வழக்கு வரைக்கும் போகலாம். சாடியை இரண்டு செங்கல் மேல் வையுங்கள்.

நடுப்பகல் வாட்டத்துக்குப் பயந்து ஊற்றுவது

பூசணியும் கத்தரியும் உச்சி வெயிலில் இலையைத் தொங்கவிடும். அது தாகம் என்று நினைத்து இரண்டு மணிக்கு ஹோஸ் பைப்பைத் திறப்பார்கள். வெயிலில் கிடந்த பைப்பில் முதலில் வருவது கொதிதண்ணீர். பொழுதுபட இலை தானாக நிமிர்ந்தால் செடிக்கு ஒன்றும் இல்லை. நிமிராவிட்டால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர். ஈரமாக இருந்தால் மேலே சொன்ன உப்பு, அல்லது வேர் அழுகல்.

கறுப்பு வாளியை மேற்குச் சுவரோடு வைப்பது

பின்னேர வெயில், சுவர்ச் சூடு, கறுப்பு நிறம், மூன்றும் சேர்ந்தால் வேர் வெந்துவிடும்.

மான்கள்

பிரெட்றிக் கோட்டைப் பக்கமும் டச்சு விரிகுடாப் பக்கமும் இருப்பவர்கள் வலை கட்டாமல் எதையும் வைக்க வேண்டாம்.

புத்தகத்தை மட்டும் படிப்பது

கோடையில் படிப்பதை விடச் சொல்லவில்லை. எனக்கும் அந்த மாதங்களில் புத்தகம்தான் துணை. படிக்கிற இடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். வெயில் ஏறுமுன், ஆறரை மணிக்கு, கதிரையைச் சாடிகளுக்குப் பக்கத்தில் போட்டு நாவலோ கதையோ படியுங்கள். பக்கம் புரட்டும் இடைவெளியில் இலையின் அடிப்பக்கம் வெள்ளை ஈ இருக்கிறதா, புதுக் குருத்து சுருண்டிருக்கிறதா என்று கண் தானாகப் போகும். விறாந்தைக்குள் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரிவது இலை மஞ்சளான பிறகுதான்.

தோட்டப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் அது எந்த ஊரில் அச்சானது என்று பாருங்கள். தண்ணீர், வெயில், மாதம் பற்றி அது சொல்வதை அந்த ஊருக்கு விட்டுவிடுங்கள். கத்தரிப்பு, பதியம், ஒட்டு, விதை எடுப்பு பற்றிச் சொல்வது எங்கும் பொருந்தும். நம் விவசாயத் திணைக்களத்தின் தமிழ்த் துண்டுப்பிரசுரங்கள் அழகாக இருக்காது, ஆனால் உலர்வலயத்துக்குத் தனியாக மாதம் போட்டிருக்கும். பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து, கிழமைக்கு ஒருமுறை கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்து, எந்தத் திகதியில் கரிக்கத் தொடங்கியது என்று எழுதுங்கள். அடுத்த கோடைக்கு அந்தப் பக்கம் எந்தப் புத்தகத்தையும் விட உதவும்.

மாரியில் தாழ்வாரத்துக்குள்ளேயே விட்டுவிடுவது

முதல் மழை வந்ததும் சாடிகளைக் கூரைக்குக் கீழே தள்ளி வைக்கிறார்கள். ஐப்பசி மழையில் இரண்டு நாளாவது வெளியே நன்றாக நனையட்டும். கோடை முழுக்கச் சேர்ந்த உப்பு அதில் இறங்கும். காற்றோடு கொட்டுகிற மழை தொடங்கியதும் மிளகாயையும் தக்காளியையும் உள்ளே எடுங்கள். கடலைப் பார்த்த வீடென்றால் வாடைக்காற்று அடித்த மறுநாள் காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.