தீம் பார்க் வேலைக்கு முன், இளவரசி படத்தை இரண்டு முறை பாருங்கள்

தீம் பார்க்கில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இரண்டு விஷயம் புரிந்தது. நாள் முழுக்க நிற்க, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ வேண்டும். இளவரசிப் படங்களைப் பற்றிக் குழந்தைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் வேண்டும். ஷூவோடு மாற்று சாக்ஸ், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

படத்துக்குத்தான் உழைக்க வேண்டும். 1989-இல் வந்த டிஸ்னி கார்ட்டூன் படமான ‘தி லிட்டில் மெர்மெய்ட்’டை முதலில் சும்மா ரசித்துப் பாருங்கள். அப்புறம் நோட்டோடு உட்காருங்கள். கதாநாயகியான கடல்கன்னி இளவரசி ஏரியல் எங்கே தானாக முடிவெடுக்கிறாள்? 16 வயதுப் பெண், கால்களுக்காகக் குரலையே ஒரு சூனியக்காரியிடம் கொடுக்கிறாள். ஆனால் இளவரசனைப் பார்ப்பதற்கு முன்பே கரைக்கு ஏங்குகிறாள், முட்கரண்டியைக்கூடப் பொக்கிஷமாக வைத்திருக்கிறாள். ‘காதலுக்காக எல்லாவற்றையும் விட்டாள்’ என்று மட்டும் சொன்னால் அது அரைகுறை விமர்சனம். 1837-இல் டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதிய மூலக் கதையில் அவளுக்கு இளவரசன் கிடைப்பதில்லை. படம் கல்யாணத்தில் முடிகிறது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தையிடம் விமர்சனத்தைக் கொட்டாதீர்கள், கேளுங்கள். வரிசையில் நின்ற ஒரு சிறுமியின் கண்ணுக்கு நேராக முட்டி போட்டு, “குரல் போனதும் அவ என்ன செஞ்சிருக்கலாம்?” என்றேன்.

“எழுதிக் காட்டியிருக்கலாமே!”

சரிதானே? சூனியக்காரியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவள்தானே அவள். அன்றிரவு நோட்டில் முதல் வரியாக அதை எழுதினேன்.