பழைய சோடா மெஷின் குளிரவில்லையா? முதலில் தூசியைத் தட்டுங்கள்

1950களின் அமெரிக்க சோடா வெண்டிங் மெஷினில் பாட்டில் ஜில்லென்று வரவில்லையென்றால், குளிரூட்டும் கேஸ் நிரப்ப ஆளைக் கூப்பிடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே கம்ப்ரஸர் பக்கத்தில், மெல்லிய தகடுகள் அடுக்கினாற்போல் இருக்கும் கண்டென்சரைச் சுத்தம் செய்யுங்கள். பழைய பெயிண்ட் பிரஷ் போதும். தகடுகளின் போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் மடங்கிவிடும். அப்புறம் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள்.

உள்ளே இருக்கும் சூடு இந்தத் தகடுகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. தூசி கம்பளிபோல் படிந்துவிட்டால் சூடு போக வழியில்லாமல் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கேஸோ மூடிய குழாய்க்குள்தான் சுற்றுகிறது, கசிந்தால் ஒழியக் குறையாது. அந்தக் கால மெஷின்களில் இருப்பது பெரும்பாலும் ஆர்-12 என்ற கேஸ். அதன் தயாரிப்பை அமெரிக்கா 1995 முடிவோடு நிறுத்திவிட்டது, அதனால் வீணாக நிரப்புவது தண்டச்செலவு.

கதவு ரப்பரையும் பாருங்கள். ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும்.

கம்ப்ரஸரே ஓடவில்லை, அல்லது சுத்தம் செய்து ஓடவிட்ட பிறகும் கண்டென்சரில் சூடே ஏறவில்லை என்றால் இது உதவாது. கோளாறு ரிலே (கம்ப்ரஸரைக் கிளப்பும் சுவிட்ச்), தெர்மோஸ்டாட் (குளிரின் அளவைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்), கேஸ் கசிவு என்று வேறிடத்தில் இருக்கும், மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். ஒயரின் மேலுறை உதிர்ந்திருந்தால் கை வைக்கவே வேண்டாம்.