கரும்பலகையில் நான்கு வரி

முல்லைத்தீவுக் கரையில் எங்கள் மீனவர் சங்கக் கட்டடத்தின் கடல் பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டது, ஒரு மூலை உடைசல். அதில் ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து மணிக்கு நான்கு வரி எழுதுவது என் வேலை: காற்று, அலை, மழையும் இடியும், கவனம். நான் கடலுக்குப் போகிறவள் இல்லை. சங்கத்தில் மண்ணெண்ணெய்க் கணக்கு எழுதப் போனவள். எழுத்து வடிவாக இருக்குது என்று சோக்கையும் கையில் தந்துவிட்டார்கள். இப்போது அளம்பிலிலிருந்தும் மாத்தளனிலிருந்தும் "எங்கட கரைக்கும் ஒருத்தர் எழுதினால் நல்லம், எப்பிடியெண்டு சொல்லித்தாங்கோ அக்கா" என்று கேட்கிறார்கள். அதற்காகத்தான் இது.

முதலில், வானிலை அறிக்கையில் உங்கள் கரை எங்கே இருக்கிறது என்று பிடியுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் கடலைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் சொல்லும். "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பு" என்று வந்தால் அதுதான் நாங்கள். முல்லைத்தீவு என்ற பெயர் அதில் பெரும்பாலும் வராது. பெயர் வரவில்லை என்பதால் "எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை" என்று எழும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். "புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை" என்பது எங்கள் கடல் இல்லை. ஆடி மாதத்தில் அந்தத் துண்டுக்கு வருகிற எச்சரிக்கையைக் கேட்டு இங்கே படகைக் கரையில் ஏற்றி வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது திசை. அறிக்கையில் சொல்லும் திசை காற்று வருகிற திசை, போகிற திசை இல்லை. தென்மேற்குக் காற்று என்றால் தென்மேற்கிலிருந்து வருகிறது. உங்கள் கரையின் படத்தை ஒரு கொப்பித் தாளில் கீறிக்கொள்ளுங்கள். எங்கள் கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிந்து கிடக்கிறது, கடல் வடகிழக்கைப் பார்க்கிறது. அதனால் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, நேரே முகத்தில் அடிக்கும். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, முதுகில் அடிக்கும். மேற்குக் காற்றான கச்சானும் தரையிலிருந்துதான் வரும், கிழக்குக் காற்றான கொண்டல் கடலிலிருந்து வரும். இந்த ஒரு படம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே 30 கிலோமீற்றர் வேகம் வாடையில் ஒரு கடல், சோளகத்தில் வேறொரு கடல்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். திணைக்களம் மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் என்று சொல்லும். தொலைபேசிச் செயலிகள் சிலது 'நொட்' கணக்கில் காட்டும். 1 நொட் 1.85 கிலோமீற்றர், அதாவது 20 நொட் என்றால் 37. செக்கனுக்கு மீற்றர் என்று காட்டினால் 3.6 ஆல் பெருக்குங்கள். என் பெறாமகள் ஒருநாள் "காத்து வெறும் பத்துத்தான் சித்தி" என்றாள். அவள் பார்த்தது செக்கனுக்குப் பத்து மீற்றர். அது 36 கிலோமீற்றர். வின்டி செயலியில் 9.27, 80.81 என்று போட்டால் முல்லைத்தீவுப் பட்டினக் கரை வரும். அதில் காற்றைக் கணித்துச் சொல்கிற ஐரோப்பிய மாதிரியையும் அமெரிக்க மாதிரியையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒன்றைச் சொன்னால் எழுதுங்கள். இரண்டும் இரண்டு கதை சொன்னால் கூடின வேகத்தை எழுதுங்கள். ஐந்து நாளுக்கு அப்பால் காட்டுவதைப் பலகைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

அலை வரியில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. அலை 1.5 மீற்றர் என்றால் எல்லா அலையும் ஒன்றரை மீற்றர் என்று அர்த்தமில்லை. எல்லா அலைகளிலும் பெரிதான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. இடைக்கிடை அதன் இரட்டிப்புக்குக் கிட்ட ஒன்று எழும்பி வரும். அந்த ஒன்றுக்குத்தான் அணியத்தில், படகின் முன்பக்கத்தில், நிற்கிறவன் தயாராக இருக்க வேண்டும்.

இனிக் காலங்கள். திணைக்களம் வருசத்தை நாலாகப் பிரிக்கும்: மார்ச், ஏப்ரல் ஒரு இடைக்காலம், மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவம், ஒக்ரோபர், நவம்பர் அடுத்த இடைக்காலம், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவம்.

மார்ச் மாதம் கடல் படுத்துக்கிடக்கும். கரைவலை முதலாளிமாரான சம்மாட்டிமார் கரையில் வாடி, அதாவது குடில், போடுகிற காலம். எழுதுவதற்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும், பிழை விடுகிற காலமும் அதுதான். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிச் சூரியன் எங்கள் உச்சிக்கு நேர் மேலே வரும். தரை கொதித்து, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டுக்கு மேலே பின்னேரம் மேகம் குடை மாதிரி எழும்பும். "இடியுடன் கூடிய மழை பெய்யும்போது தற்காலிகமாகப் பலத்த காற்று வீசக்கூடும்" என்று அறிக்கையின் கடைசியில் ஒரு வரி வரும். நாளாந்தம் வருவதால் யாரும் காது கொடுப்பதில்லை. நானும் கொடுக்கவில்லை. ஒரு ஏப்ரலில் "மழை இல்லை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனேன். அடுத்த நாள் நாலு மணிக்குத் தரைப் பக்கத்திலிருந்து கறுத்து வந்து அரை மணித்தியாலம் அடித்தது. அண்ணையின் வலை இரண்டு போய்விட்டது. அவர் இருட்டின பிறகுதான் கரைக்கு வந்தார். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை, அண்ணி மட்டும் தேத்தண்ணி தந்தா. அதற்குப் பிறகு ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் அந்த வரியைச் சிவப்புச் சோக்கில் எழுதுகிறேன். கடலில் நிற்கிறவர்களுக்குச் சொல்லி வைத்தது இது: மின்னல் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் வலையைப் பார்க்காமல் திரும்புங்கள்.

வைகாசி விசாகத்தை ஒட்டி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். கடல்நீரில் விளக்கெரிக்கச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் நீர் எடுக்கும்போது எங்கள் சின்னையா நெற்றியில் காற்று படுகிறதா, பிடரியில் படுகிறதா என்று பார்ப்பார். பிடரியில் பட்டால் சோளகம் நிலைத்துவிட்டது என்பார். திணைக்களம் தென்மேற்குப் பருவம் தொடங்கியது என்று அறிவிக்கிறதும் அதை ஒட்டித்தான் வரும். ஆனால் "கொழும்பில இருக்கிறவனுக்கு எங்கட காத்துத் தெரியுமோ பிள்ளை?" என்று அவர் கேட்காத வருசமில்லை.

சோளகத்தில் கொழும்பில் வெள்ளம், எங்களுக்குப் புழுதி. கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரி இருக்கும், ஏனென்றால் காற்று தரையிலிருந்து போகிறது, கரைக்குக் கிட்ட அலை எழும்ப இடமில்லை. வெளியே போகப் போகத்தான் அது தன் குணத்தைக் காட்டும். ஆகவே இந்தக் காலத்தில் நான் கரையைப் பார்த்து எழுதுவதில்லை, அறிக்கையைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். சோளகத்தில் பயம் அலை இல்லை, இயந்திரம் நிற்பது. நின்றால் காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவராது, வங்கக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். காற்று 40க்கு மேல் என்று வருகிற நாளில் "கவனம்" வரியில் நான் எழுதுவது: மேலதிக பிளக், நங்கூரக் கயிறு, தண்ணீர்க் கான், சார்ஜ் போட்ட தொலைபேசி. பகலில் கடற்காற்று சோளகத்தை எதிர்த்து வரும், சில நாள் இரண்டும் முட்டி ஒன்றுமில்லாமல் நிற்கும். விடியப்புறத்துத் தரைக்காற்றும் சோளகமும் சேருகிற நேரம்தான் இழுவை கூட. இது எந்த அறிக்கையிலும் வராது, என் கொப்பியில் இருந்து சொல்கிறேன்.

கொப்பி என்றேன். ஒற்றை றூள் கொப்பி ஒன்று வாங்கி, இடது பக்கம் அறிக்கை சொன்னதையும் வலது பக்கம் உண்மையில் நடந்ததையும் எழுதுங்கள். நடந்ததை யாரிடம் கேட்பது? முதலில் கரைக்கு வருகிற படகிடம். ஒரு வருசம் எழுதினால் அறிக்கை உங்கள் கரைக்கு எந்த மாதத்தில் கூடச் சொல்கிறது, எந்த மாதத்தில் குறையச் சொல்கிறது என்று தெரியும். நான் நம்புவது செயலியைவிட அந்தக் கொப்பியை.

ஐப்பசி பிறந்தால் எல்லாம் மாறும். அப்பா சண்டைக் காலத்தில், பற்றறி கிடையாத நாட்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர். வானிலை செய்தியின் கடைசியில்தான் வரும், அதற்குள் கை களைத்துவிடும். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் களைத்தாலும் விடமாட்டார். வங்கக் கடலில் தாழமுக்கம் பிறக்கிற காலம் அது.

இங்கே தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியையும் எங்கள் அறிக்கையையும் கலந்து பார்ப்பவர்களுக்கு ஒரு அகராதி வேண்டும். அவர்கள் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்பது எங்கள் தாழமுக்கம், காற்று 31 முதல் 50 கிலோமீற்றர். அவர்கள் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்றால் 51 முதல் 62 வரை. அதற்கு மேலே போனால் புயல், எங்கள் வாயில் சூறாவளி. அப்போதுதான் பெயர் வைப்பார்கள். "தமிழகத்துக்கு ஆபத்தில்லை" என்று அங்கே சொன்னால் அது எங்களுக்கான செய்தி இல்லை. அவர்களிடம் போகிறது பல நேரம் எங்களைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

பெயர் வந்தால்தான் பயம் என்றும் இருக்காதீர்கள். 2018 டிசம்பர் 21 இரவு எந்தப் பெயரும் இல்லாமல் பெய்த மழைதான் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் தண்ணீரில் போட்டது. கடற்காற்றை மட்டும் பார்த்துப் பலகை எழுதினால் இதைத் தவற விடுவீர்கள். 100 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 100 லீற்றர். அரை ஏக்கர் வளவுக்கு இரண்டு இலட்சம் லீற்றர். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்துத் தண்ணீரை இரணைமடுக் குளத்துக்குக் கொண்டுவரும், இரணைமடு வான்பாய்ந்தால் சுண்டிக்குளத்துக்கு வரும். ஆகவே சாலை என்கிற ஊர், சுண்டிக்குளம் பக்கத்தார் தங்கள் தலைக்கு மேலே உள்ள மேகத்தை மட்டும் பார்க்கக் கூடாது, வவுனியா மழையையும் எழுத வேண்டும். நந்திக்கடல் களப்பு நிரம்பினால் வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டுகிற கதை தொடங்கும். இறால்காரருக்கும் வயல்காரருக்கும் அது வேறு வேறு கதை, அதற்குள் நான் வரவில்லை.

சூறாவளி எங்கே நிற்கிறது என்று சிக்னல் இல்லாத இடத்திலும் பார்க்கலாம். காற்று வருகிற பக்கத்தை நேரே பார்த்து நில்லுங்கள். வலது கையை நீட்டுங்கள். ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் நடுப்பகுதி. பூமியின் எங்கள் வட பாதியில் காற்று அதை இடஞ்சுழியாகச் சுற்றுவதால் இப்படி. வாடை கொண்டலாகி, பிறகு தென்கிழக்காகத் திரும்பினால் அது எங்களுக்குத் தெற்கால் போகிறது. காற்று கடலைக் கரைக்குள் தள்ளும், வள்ளங்களைப் பனையடிக்கு ஏற்ற வேண்டும். வாடை மேற்கே திரும்பிக் கச்சானானால் அது வடக்கால் போகிறது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியபோது காற்று கொண்டலுக்குத் திரும்பினதைச் சின்னையா வாசலில் நின்று கை நீட்டிக் காட்டினார். செயலி திறக்க முன்னமே அவர் "தெக்கால போகுது" என்றுவிட்டார்.

சில தொலைபேசிகளில் அமுக்கமானி இருக்கிறது. பின்னேரம் நாலு மணிக்கு அமுக்கம் இறங்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு ஏறி நாலு மணிக்கு இறங்குவது அதன் வழக்கம், இரவிலும் அப்படித்தான். நேற்று அதே மணிக்கு இருந்ததோடு ஒப்பிடுங்கள். மூன்று அலகு (hPa) குறைந்திருந்தால் படகைக் கட்டுங்கள். இந்தியாவின் காரைக்கால் ராடார் படத்தில் எங்கள் கரை ஓரத்தில் விழுகிறது, மழை நகர்வதைப் பார்க்க உதவும். தூரம் கூட என்பதால் தாழ்ந்த மேகத்து மழை அதில் தப்பிவிடும். செய்மதிப் படங்களில் உலக நேரம் போட்டிருந்தால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைப் பலகையின் உடைந்த மூலைக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பூச்சால் எழுதி வைத்திருக்கிறேன்.

நாலாவது வரியில் நான் "போக வேண்டாம்" என்று எழுதுவேன். "போகலாம்" என்று ஒருநாளும் எழுதுவதில்லை. நீங்களும் எழுதாதீர்கள். போகிறது அவர்களின் முடிவு. வீட்டில் அரிசி இருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

தை பிறந்த பிறகு மழை விடும், வானம் வெளிக்கும், எல்லோருக்கும் கால் கடலை நோக்கி இழுக்கும். வாடை அப்போதும் நிற்கும். வெயில் எறிக்கிற நாளில் "போக வேண்டாம்" என்று எழுதினால் பையன்கள் வானத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த மாதத்தில் மழை வரியை அழித்துவிட்டு அலை வரியைப் பெரிதாக எழுதுங்கள். சோக்கை வெளியே வைக்க வேண்டாம். உப்புக்காற்றில் ஊறி எழுதாது, நான் பால்மா ரின்னுக்குள் அரிசியோடு போட்டு வைக்கிறேன்.