ட்ரில்லியம் விதை முளைக்காததற்குக் காரணம்

ரொறன்ரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவு முழுக்க மேப்பிள் நிழல். அங்கே வெள்ளை ட்ரில்லியம் வளர்க்க ஆசைப்பட்டேன். ஒன்ராறியோவின் மாகாணப் பூ அது. உறையில் வாங்கிய காய்ந்த விதைகளைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. மண்ணை மாற்றினேன், உரமிட்டேன், தண்ணீரைக் கூட்டினேன். பலனில்லை.

காய்ந்த விதை பெரும்பாலும் வீண் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆகஸ்டில் நண்பரின் தோட்டத்தில் பழுத்திருந்த காயைப் பறித்து, அன்றே சட்டியில் விதைத்தேன். விதையில் ஒட்டியிருக்கும் வெளிர் சதைக்காக எறும்புகள் இழுத்துப் போய்விடும் (காட்டில் இது பரவுவதே அப்படித்தான்), அதனால் கழுவிவிட்டுப் போட்டேன்.

அடுத்த வசந்தத்திலும் மண் வெறுமையாகவே இருந்தது. கொட்டிவிடலாம் என்று ஜூன் கடைசியில் ஓரமாகக் கிளறினால், விதையிலிருந்து வெள்ளை வேர் இறங்கியிருக்கிறது! இலை மட்டும் இல்லை. முதல் குளிர்காலம் கழிந்து வேர், இரண்டாவது கழிந்த பிறகுதான் இலை. திரும்ப மூடி, மேப்பிள் சருகு பரப்பி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன்.

இந்த மே மாதம் 11 முளைகள். வழக்கமான மூன்று இலை கிடையாது, ஒற்றை நீள இலைதான். புல் என்று பிடுங்கிவிடாதீர்கள். பூக்க இன்னும் பல வருடம் ஆகும். எனக்கு இப்போது நிம்மதி.