ஓடை நலமா? ஓர் எனாமல் தட்டு போதும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் காரைக்குடிப் பக்கத்து வரத்துக்கால்கள் (கண்மாய்க்கு மழைநீர் கொண்டுவரும் ஓடைகள்) ஓடத் தொடங்கியதும், தண்ணீர் நல்லதா கெட்டதா என்று நிறத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். செம்மண் பூமியில் கலங்கல் ஒரு குற்றமே இல்லை. பூச்சிகளைப் பாருங்கள்.

வெள்ளம் தணிந்து இரண்டு மூன்று வாரம் போகட்டும். புதுவெள்ளம் பூச்சிகளையும் அடித்துக்கொண்டு போயிருக்கும். வீட்டின் இரண்டாங்கட்டில் கிடக்கும் வெள்ளை எனாமல் தட்டை (ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு) எடுத்துப்போய், கொஞ்சம் ஓடைத் தண்ணீர் ஊற்றி, ஓட்டத்தில் கிடக்கும் ஒரு கல்லையோ ஊறிய இலைக்கொத்தையோ அதில் அலசுங்கள். சற்றுப் பொறுத்தால் நெளிய ஆரம்பிக்கும்.

வயிற்றின் இரு பக்கமும் மெல்லிய செவுள்கள் படபடக்க, இரண்டு மூன்று மயிரிழை வால் நீட்டிய பொடிப்பூச்சி. மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிய புழு. இவை இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் தாராளம். சிவப்புப் புழு மட்டும் மொய்த்தால், எங்கே சாக்கடை கலக்கிறது என்று மேல்பக்கமாக நடந்து தேடுங்கள். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அதை வைத்துச் சமாளித்துவிடும்.

தை பிறந்து ஓட்டம் நின்று, தண்ணீர் குட்டையாகத் தேங்கியபின் இந்தச் சோதனை செல்லாது. பார்த்ததும் பூச்சிகளை எடுத்த இடத்திலேயே விட்டு, கல்லையும் பழையபடி கவிழ்த்துவிடுங்கள்.